பிளக் பாயிண்ட்ல இருந்து ஆரம்பிங்க: இ-பைக் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சா பாதிக்கு மேல புதுசா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தவங்களோடது. ஓசூர், ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரி பக்கம் போச்சம்பள்ளின்னு நம்ம மாநிலத்துலயே செய்யற வண்டிங்க தான் இதுல நிறைய, ஆனா வாங்கற அன்னிக்கு யாரும் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லித் தர்றதில்ல. ஆயில், ஸ்பார்க் பிளக், கார்பரேட்டர்னு பெட்ரோல் வண்டிக்கு பழகின கவலை எதுவும் இதுல கிடையாது, கவனம் வேண்டிய இடம் வேற, அந்த இடம் பெரும்பாலும் உங்க வீட்டு சுவத்துலயே தான் இருக்கு. அதனால தான் இந்த தடவை பதில்கள்ல திரும்பத் திரும்ப சுவிட்ச் போர்டு வரும், பொறுத்துக்கோங்க.

தாம்பரம் வாசகி: போன வாரம் தான் வண்டி டெலிவரி எடுத்தோம் சார். நான் தான் ஓட்டுவேன், மாமியார் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து வருவாங்க. ஷோரூம்ல ஆக்சஸரீஸ்னு 14,000 ரூபாய்க்கு ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க, கிராஷ் கார்டு, சீட் கவர், மேட், ஃபாக் லைட், கோட்டிங், பாடி கவர்னு. இதுல எது வேணும், எது வேணாம்?

முதல்ல மாமியாருக்கு வேண்டியத பாருங்கம்மா. ஒரு பக்கமா உக்கார்றவங்களுக்கு கால் வைக்க சைடு ஸ்டெப் கண்டிப்பா வேணும், பிடிச்சுக்க பின் கம்பி ஆடாம இருக்கணும், பேக் ரெஸ்ட் இருந்தா வயசானவங்களுக்கு ஸ்பீட் பிரேக்கர்ல பயம் இருக்காது. ஏன்னா இ-பைக் எடுத்த எடுப்புலயே ஜிவ்வுன்னு இழுக்கும், பெட்ரோல் ஸ்கூட்டர்னா சத்தம் ஏறி அப்புறம் தான் நகரும், இதுல பின்னாடி இருக்கறவங்களுக்கு கிளம்பப் போறோம்னே தெரியாது. எகோ மோடுல கிளம்புங்க, "கிளம்பறேன் அத்தை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆக்சிலேட்டர திருப்புங்க. சாரி கார்டு, பின்னாடி கைப்பிடி, கால் வைக்கிற இடம் இதெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 123 படி வண்டியோடவே வர வேண்டியது, லிஸ்ட்ல அதுக்கு தனியா விலை போட்டிருந்தா எதுக்குன்னு கேட்டுடுங்க.

கிராஷ் கார்டு பத்தி எனக்கு ரெண்டு மனசு இல்ல, தாம்பரம் மார்க்கெட் பக்கம் பார்க்கிங்ல விடற வண்டின்னா போட்டுக்கலாம், ஆனா கம்பெனி குடுக்கற, அதே போல்ட் ஓட்டையில மாட்டற மாதிரி உள்ளத போடுங்க. வெளிய கனமான இரும்புல பண்ணி பாடியில டிரில் போட்டு மாட்டறது வேணாம், ஃப்ளோர் போர்டுக்கு கீழ தான் நிறைய வண்டியில பேட்டரி உக்காந்திருக்கு, அங்க டிரில் பிட் இறங்கக்கூடாது. ஃபாக் லைட், டபுள் ஹார்ன், அடியில எரியற கலர் எல்.இ.டி. இது எதுவும் வேணவே வேணாம். இ-பைக்ல லைட், ஹார்ன் எல்லாம் 12 வோல்ட்ல ஓடுது, பெரிய பேட்டரியில இருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியா தான் அந்த 12 வோல்ட் வருது, அது அளவா தான் குடுக்கும், கடைக்காரர் ஒயர நடுவுல சீவி இன்னொரு லைட்ட சேர்த்தா டிஸ்பிளேல எர்ரர் வரும், அந்த டேப் சுத்தின ஜாயிண்ட்ட சர்வீஸ்ல பார்த்தாங்கன்னா வாரண்டி பேச்சே இல்ல.

ஃப்ளோர் மேட் போடுங்க, மாசத்துக்கு ஒரு தடவை தூக்கி அடியில உள்ள மண்ண தட்டிடுங்க. சீட் கவர் மெத்து மெத்துன்னு இருக்கறத போட்டா சீட் லாக் சரியா விழாது, மழையில பஞ்சு ஊறி வேட்டி புடவை எல்லாம் நனையும், மெல்லிசா இருக்கறதே போதும். கோட்டிங் வண்டி பளபளன்னு இருக்க மட்டும் தான், காசு இருந்தா போடுங்க. பாடி கவர் வாங்கலாம், ஆனா சார்ஜ் போட்டிருக்கறப்ப மூடி வைக்காதீங்க, சூடு உள்ளயே நிக்கும். அப்புறம் ஒண்ணு, கோயில்ல பூஜை போடறப்ப ஐயர் தீர்த்தம் தெளிக்கறதுக்கு முன்னாடி சார்ஜிங் போர்ட் மூடிய நல்லா அமுக்கி மூடிடுங்க, சந்தனம் குங்குமத்த கண்ணாடிக்கு மேல, ஹேண்டில் நடுவுல வைக்கலாம், போர்ட் பக்கம் வேணாம்.

14,000ல எனக்கு தெரிஞ்சு உங்களுக்கு தேவை சைடு ஸ்டெப், பேக் ரெஸ்ட், மேட், இஷ்டப்பட்டா கிராஷ் கார்டு. மிச்ச காசுல மாமியாருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் ஒண்ணு எடுங்க.

காரைக்குடி வாசகர்: எங்க வீடு பழைய வீடு. வண்டிய சார்ஜ் போட்டுட்டு கம்பியிலயோ ஸ்டாண்டுலயோ கைய வச்சா சுர்ருன்னு லேசா ஷாக் அடிக்குது, செருப்பு போட்டிருந்தா ஒண்ணும் இல்ல. ஷோரூம்ல கேட்டா வண்டியில ஒண்ணும் இல்லங்கறாங்க. வண்டிய மாத்திக் கேக்கலாமா?

உங்க ஷோரூம் சொல்றது அனேகமா சரி, இருந்தாலும் இத அப்படியே விடக்கூடாத விஷயம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

சார்ஜர் உள்ள ஃபில்டர்னு ஒரு பகுதி இருக்கும், லைன்ல இருந்து எர்த்துக்கு சின்ன கெப்பாசிட்டர் வழியா ரொம்ப ரொம்ப கொஞ்சமா கரண்ட் கசியும், அப்படித்தான் அத டிசைனே பண்ணியிருக்காங்க, எர்த் ஒழுங்கா இருந்தா அது மண்ணுக்குள்ள போயிடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாத பாயிண்ட்ல போட்டா அது போக வழி இல்லாம வண்டி பாடியிலயே நிக்கும், கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ்ல நிக்கும், நீங்க வெறுங்காலோட தொட்டதும் உங்க வழியா இறங்குது. கரண்ட் அளவு ரொம்ப கம்மிங்கறதால சுர்ருன்னு தெரியறதோட நிக்குது. ஆனா நாளைக்கு சார்ஜர்ல நிஜமாவே ஏதாவது லீக் ஆச்சுன்னா இதே வழியில பெரிய கரண்ட் வரும், அப்ப காப்பாத்த எதுவும் இருக்காது. இப்ப அடிக்கற அந்த சுர்ர், உங்க வீட்ல எர்த் இல்லன்னு சொல்ற எச்சரிக்கை.

காரைக்குடி பக்கம் பழைய வீடுங்கள்ல மூணு ஓட்டை உள்ள பாயிண்ட் இருக்கும், ஆனா மேல உள்ள பெரிய ஓட்டைக்கு பின்னாடி ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு டெஸ்ட் லாம்ப்ப பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சு பார்க்க சொல்லுங்க, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைக்கறப்ப எரியற அதே வெளிச்சத்துல எரியணும், மங்கலா எரிஞ்சாலோ எரியாமலே இருந்தாலோ எர்த் சரியில்ல. எர்த் குழி தோண்டியிருந்தா அது எங்க இருக்குன்னு வீட்ல பெரியவங்களுக்கு தெரிஞ்சிருக்கும், கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கியிருப்பாங்க, உங்க ஊர் வெயிலுக்கு அது காஞ்சு போயிருந்தா எர்த் வேலை செய்யாது, கோடையில அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்தணும். குழியே இல்லன்னா புதுசா ஒண்ணு போடுங்க, வண்டிக்காக மட்டும் இல்ல, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாத்துக்கும் அதே தான் காவல்.

அதோட சேர்த்து மெயின்ல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. ஒண்ணு மாட்டிடுங்க, லீக் ஆனா கண்ண சிமிட்டற நேரத்துல லைன வெட்டிடும். சார்ஜ் போட தனியா ஒரு 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், மீட்டர் பாக்ஸ்ல இருந்து நேரா 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் இழுத்து, அதுக்குன்னு தனி எம்.சி.பி.யோட (லோடு கூடினா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) போடுங்க. சாதாரண வீட்டு சார்ஜர் நாலஞ்சு ஆம்ப்ஸ் தான் இழுக்கும், மிக்ஸி ஓட்டற பாயிண்ட்டே தாங்குமேன்னு தோணும், ஆனா மிக்ஸி ரெண்டு நிமிஷம் ஓடும், இது அஞ்சாறு மணி நேரம் ஒரே மூச்சா இழுக்கும். பாயிண்ட்டுக்கு உள்ள ஸ்க்ரூ லூசா இருந்தா அங்க தான் சூடாகும். ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறினதும் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிட்டு பிளக்க கழட்டி, பின்ன லேசா தொட்டு பாருங்க. இளஞ்சூடு பரவால்ல, கை வைக்க முடியாத சூடு, இல்ல பின் ஓரத்துல பழுப்பு நிறம் ஏறியிருக்குன்னா அந்த பாயிண்ட்ல அன்னிக்கே சார்ஜ் போடறத நிறுத்திடுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, மூணு பின்ன ரெண்டு பின்னா மாத்தற அடாப்டர் கூடவே கூடாது.

இவ்வளவு ஏன் அழுத்தி சொல்றேன்னா, 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்ல சார்ஜ் போட்டிருந்த புது இ-பைக் தீப்பிடிச்சு, புகையில மூச்சு முட்டி ஒரு அப்பாவும் பதிமூணு வயசு மகளும் இறந்து போனாங்க. அந்த வருஷம் நாடு முழுக்க நடந்த தீ விபத்துங்களுக்கு அப்புறம் தான் ஏ.ஐ.எஸ். 156ங்கற பேட்டரி பாதுகாப்பு விதிய 2022 டிசம்பர், 2023 மார்ச்னு ரெண்டு கட்டமா கடுமையாக்கினாங்க, அதுக்கப்புறம் வந்த வண்டிங்க எவ்வளவோ மேல். அப்படியே இருந்தாலும் வெளிய போற வழிய மறிச்சு சார்ஜ் போடாதீங்க, வாசப்படி, மாடிப்படி அடி, படுக்கற ரூம் ஜன்னலுக்கு கீழ இந்த இடமெல்லாம் வேணாம். உங்க வீட்ல முன்னாடி திண்ணை ஓரமோ பின்கட்டு முத்தத்துல மழை படாத மூலையோ இருக்குமே, அங்க பாயிண்ட் இழுங்க.

ஈரோடு வாசகர்: தினமும் போக வர 40 கி.மீ. ஓட்டறேன். பெட்ரோல்ல மிச்சம் பண்ணி ஈ.பி. பில்லுல கட்டிடுவேன்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. கணக்கு சொல்லுங்க.

வீட்டுக்காரம்மா பயப்படறதுலயும் ஒரு நியாயம் இருக்கு, எங்கன்னு சொல்றேன். ரெண்டு மாசத்துக்கு 2,400 கி.மீ. ஆகுது. 3.7 கிலோவாட் ஹவர் பேட்டரி வண்டி நிஜ ரோட்டுல ஒரு சார்ஜுக்கு 100 கி.மீ. பக்கம் ஓடும், சார்ஜர்ல சூடா வீணாகறதையும் சேர்த்தா சுவத்துல இருந்து நாலு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல எடுக்கும், அப்ப ரெண்டு மாச பில்லுல ஏறக்குறைய 100 யூனிட் கூடும். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 45 கி.மீ. குடுக்கற பெட்ரோல் ஸ்கூட்டர்னா 53 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே 5,300 ரூபாய்.

இப்ப 100 யூனிட்டோட விலை உங்க வீடு எந்த ஸ்லாப்ல இருக்குங்கறத பொறுத்து தான். 2024 ஜூலை கட்டணப்படி 401ல இருந்து 500 வரை யூனிட் 6.45, 501ல இருந்து 600 வரை 8.55. ஏற்கனவே 350 யூனிட் ஓடற வீடுன்னா 450 ஆகும், அறுநூறு ரூபாய்க்குள்ள தான் கூடும். 430 ஓடற வீடு 530 ஆனா தான் விஷயம், 500 தாண்டின உடனே மேல உள்ள 30 யூனிட்டுக்கு மட்டும் இல்ல, 101ல இருந்து 200 வரைக்கும் மானியத்துல பாதி விலைக்கு கிடைச்சது முழு விலையாயிடும். அந்த நேரத்துல ஆபீஸ்ல சார்ஜ் போட முடிஞ்சா வாரம் ரெண்டு நாள் அங்க போடுங்க, இல்ல ரீடிங் எடுக்கற தேதிக்கு முன்னாடி மீட்டர பார்த்து 500 பக்கம் நிக்குதான்னு கவனிங்க. எப்படி பார்த்தாலும் நீங்க நல்லாவே மிச்சம் பண்றீங்க, ரெண்டு மாசத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல, இந்த கணக்க வீட்டுக்காரம்மா கையிலயே குடுங்க.

ஓசூர் வாசகர்: தினம் 100% சார்ஜ் போடலாமா, 80%ல நிறுத்தணுமா?

பேட்டரி வகைய பொறுத்தது, லித்தியம் பேட்டரியிலயே என்.எம்.சி., எல்.எஃப்.பி.ன்னு ரெண்டு வகை இருக்கு. என்.எம்.சி. பேட்டரின்னா தினசரிக்கு 80, 90ல நிறுத்தறது நல்லது, வெளியூர் போற அன்னிக்கு மட்டும் முழுசா. எல்.எஃப்.பி. பேட்டரின்னா வாரத்துக்கு ஒரு தடவை 100 வரை ஏத்துங்க, அப்ப தான் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வண்டி சரியா காட்டும். எந்த வகைன்னு மேனுவல்ல இருக்கும். ரெண்டுக்கும் பொதுவானது ஒண்ணு, மத்தியான வெயில்ல ஓட்டி வந்த கையோட சார்ஜ் சொருகாதீங்க, அரை மணி நேரம் நிழல்ல ஆறட்டும்.

வேளச்சேரி வாசகி: எங்க தெருவுல மழை வந்தா முழங்கால் அளவு தண்ணி நிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பழைய பெட்ரோல் வண்டி போயிடுச்சு. இப்ப இ-பைக் எடுத்திருக்கோம், ஐ.பி. 67னு சொன்னாங்க, அப்ப தண்ணியில ஓட்டலாம் தானே?

ஐ.பி. 67ன்னா ஒரு மீட்டர் ஆழ தண்ணியில அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ள தண்ணி போகாதுன்னு சோதிச்ச அளவு. அது பேட்டரிக்கு, பெரும்பாலும் மோட்டாருக்கும், நல்ல தண்ணியில, புதுசா இருக்கறப்ப. உங்க தெருவுல நிக்கறது சாக்கடை கலந்த தண்ணி, ராத்திரி முழுக்க நிக்கும், கனெக்டர், டிஸ்பிளே, சார்ஜிங் போர்ட், பிரேக் இதுக்கெல்லாம் அந்த 67 கிடையாது. மழை பெய்யறப்ப ஓட்டலாம், ரோட்டுல ஓடற தண்ணியில மெதுவா போகலாம், ஃப்ளோர் போர்ட தொடற தண்ணியில இறக்க வேணாம்.

அக்டோபர்ல மழை அறிவிப்பு வந்ததுமே வண்டிய உயரமான இடத்துக்கு ஏத்திடுங்க, மேம்பாலத்துல கார நிறுத்தறாங்களே அந்த மாதிரி உங்க ஏரியாவுல எது மேடோ அங்க. கரண்ட் போறதுக்கு முன்னாடி சார்ஜ் போட்டு வச்சுக்கோங்க, சார்ஜர கழட்டி மாடிக்கு கொண்டு போயிடுங்க, டிக்கியில வச்சா வண்டியோட சேர்ந்து அதுவும் போகும், அது தனியா வாங்கினா விலை அதிகம்.

மீறி வண்டி முழுகிட்டா தண்ணி வடிஞ்சதும் ஆன் பண்ணி பார்க்கற ஆசைய அடக்கிக்கணும். ஆன் பண்ணக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது, வாட்டர் வாஷ்க்கு விடக்கூடாது. தண்ணி எதுவரை வந்ததுன்னு சேறு படிஞ்ச கோடு வண்டியில தெரியும், அத போட்டோ எடுத்து இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பதிவு பண்ணி, டோ பண்ணி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்க. முழுகின வண்டிய நீங்களே ஆன் பண்ணி அதுல ஏதாவது போச்சுன்னா அது வெள்ளத்தால வந்ததா உங்களால வந்ததான்னு கேள்வி வரும். வண்டி வீட்டுக்கு வெளியவே நிக்கட்டும், தண்ணி புகுந்த லித்தியம் பேட்டரி சில சமயம் ரெண்டு மூணு நாள் கழிச்சு கூட சூடாகும்.

புது டூ வீலருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் அஞ்சு வருஷத்துக்கு சேர்த்து கட்டிடுவீங்க, ஆனா உங்க சொந்த வண்டி சேதத்துக்கான பாகம் பெரும்பாலும் ஒரு வருஷம் தான், அது முடியற தேதி எதுன்னு பார்த்து வைங்க, வேளச்சேரியில அது ஒரு நாள் கூட விடுபடக்கூடாது. புதுப்பிக்கறப்ப ஜீரோ டெப் (பார்ட்ஸ் விலையில தேய்மானம் கழிக்காம தர்றது) இருக்கா, பேட்டரியும் சார்ஜரும் கவர் ஆகுதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

திண்டுக்கல் வாசகர்: 3.7 பேட்டரி வண்டி, ஊருக்குள்ள 100 கி.மீ. ஓடுது. கொடைக்கானல் 95 கி.மீ. தானே, நானும் மனைவியும் ஒரே சார்ஜ்ல போயிடலாமா?

முடியாதுங்க, நடு மலையில நின்னுடும். வண்டியும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு 250 கிலோ, அடிவாரத்துல இருந்து 1,800 மீட்டர் உயரம் தூக்கணும், அந்த தூக்கறதுக்கு மட்டுமே கிட்டத்தட்ட ஒண்ணரை யூனிட் கரண்ட் போகும், அது சாதாரணமா 95 கி.மீ. ஓட ஆகற கரண்டோட சேர்த்து கூடுதலா ஆகறது. வத்தலகுண்டுல நிறுத்தி, சாப்பாடு சாப்பிட்டு, நிதானமா சார்ஜ் ஏத்திட்டு ஏறுங்க. எங்க சார்ஜ் போட முடியும்னு ஆப்ல பார்த்தா மட்டும் போதாது, முன்கூட்டியே போன் பண்ணி பாயிண்ட் வேலை செய்யுதான்னு கேட்டுக்கோங்க, அங்க உள்ள சார்ஜிங் கன், அதாவது வண்டியில சொருகற முனை, உங்க வண்டிக்கு பொருந்துமாங்கறதும் முக்கியம், ஏத்தர் கனெக்டரும் ஹீரோ விடா கனெக்டரும் ஒண்ணு தான், எல்லா கம்பெனிக்கும் அப்படி இல்ல. ஏறறப்ப ஸ்போர்ட் மோடு வேணாம், மோட்டார் சூடானா வண்டி தானா வேகத்த குறைச்சுக்கும், அப்ப ஓரம் கட்டி ஆற விடுங்க.

இறங்கறது தான் நிறைய பேருக்கு தெரியாத பகுதி. ஆக்சிலேட்டர விட்டா வண்டி இழுத்து பிடிக்குதே, அது மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு கரண்ட் அனுப்பறதால வர்ற இழுவை. பேட்டரி 100%ல நிறைஞ்சிருந்தா அந்த கரண்ட் போக இடமில்ல, அதனால அந்த இழுவை குறையும், இல்ல வராமலே போகும். கொடைக்கானல் லாட்ஜ்ல ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு காலையில 100ல கிளம்பினா முதல் ஹேர்பின் வளைவுலயே நீங்க பழகின அந்த பிடிப்பு இருக்காது, வெறும் பிரேக் மேலயே மொத்த பாரமும் விழும், தொடர்ந்து பிடிச்சா சூடாகி பிடிப்பு குறையும். மேல இருந்து கிளம்பறப்ப 80% போதும், இறங்கறப்ப செலவே அவ்வளவா இருக்காது, கொஞ்சம் திரும்பவும் ஏறும்.

நாகர்கோவில் வாசகர்: இன்ஜினே இல்லாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸ்? சும்மா காசு புடுங்கறாங்களா?

இன்ஜின் இல்ல, ஆனா பிரேக் இருக்கு, டயர் இருக்கு, ஷாக் அப்சார்பர் இருக்கு, ஹேண்டில் கோன் செட் இருக்கு. அதுலயும் உங்க ஊர் கடல் காத்துக்கு டிஸ்க்லயும் போல்ட்லயும் சீக்கிரம் துரு பிடிக்கும். மோட்டார் இழுவையே பாதி பிரேக் வேலைய பார்த்துடறதால பிரேக் பேடு தேயறது கம்மி, அதனாலயே யாரும் அத திரும்பி பார்க்கறதில்ல, பேடு நகர்ற இடத்துல உப்பும் தூசியும் இறுகி ஒரு பக்கமா ஒட்டிக்கும். சர்வீஸ் விடறப்ப பக்கத்துல நின்னு வீல சுத்தி காட்ட சொல்லுங்க, விரலால தள்ளினா லேசா சுத்தணும், உரசற சத்தம் வந்தா பேடு ஒட்டுது, அது ரேஞ்சையும், அதாவது ஒரு சார்ஜ்ல ஓடற தூரத்தையும் தின்னும். பிரேக் ஃப்ளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பெல்ட் உள்ள வண்டின்னா டென்ஷன் பார்க்கணும், கியர் பாக்ஸ் உள்ள வண்டின்னா கியர் ஆயில் எப்பன்னு மேனுவல் சொல்லும்.

இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர்னு பில்லுல வந்தா தான் நீங்க கேக்கணும், அது ரெண்டும் இதுல கிடையாது. வாட்டர் வாஷ்ல பிரஷர் கன்ன சார்ஜிங் போர்ட், டிஸ்பிளே, வீல் நடுவுல ஒயர் போற இடம் இதுக்கு நேரா காட்ட வேணாம்னு சொல்லிடுங்க. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாங்கன்னா என்ன மாறிச்சுன்னு கேளுங்க, பேட்டரி ஹெல்த், அதாவது புதுசுல பிடிச்ச சார்ஜ்ல இப்ப எவ்வளவு பிடிக்குதுங்கறது, எத்தனை சதவீதம்னு ஒவ்வொரு சர்வீஸ்லயும் ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க, இத கேக்க கூச்சப்படவே வேணாம். வண்டி விலையில பெரும் பங்கு பேட்டரி தான், காசு கட்டி 8 வருஷம், 80,000 கி.மீ. வரை நீட்டிக்கற வாரண்டிங்கள்ல ஹெல்த் 70%க்கு கீழ போனா மாத்தித் தர்றோம்னு சொல்ற திட்டமும் இருக்கு, அந்த சதவீதத்துக்கு உங்க கையில காகிதம் இருக்கணும். அந்த வாரண்டிய எடுக்கலாமான்னு தனியா கேட்டவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், தினம் 30 கி.மீ.க்கு மேல ஓட்டறவங்க எடுத்துடுங்க. சர்வீஸ தவற விட்டா அதுவே வாரண்டிய மறுக்க காரணமாயிடும்.

திருநெல்வேலி வாசகர்: பஞ்சர் கடைக்காரர் என் வண்டிய தொடவே மாட்டேங்கறார், பின் வீல்ல மோட்டார் இருக்காம்.

அவர் ஜாக்கிரதையா இருக்கறது நல்லது தான். டி.வி.எஸ். ஐக்யூப் மாதிரி வண்டியில மோட்டார் பின் வீலுக்குள்ளயே இருக்கு, ஆக்ஸில் வழியா ஒயர் போகுது, வீல கழட்டி இழுத்தா ஒயர் போயிடும். ஆனா டயர் ட்யூப்லெஸ் தானே, வீல கழட்டாமலே ஆணிய பிடுங்கி ஸ்ட்ரிப் சொருகிடலாம், அத சொல்லுங்க, செஞ்சு குடுத்துடுவார். டயர் மாத்தறதுன்னா சர்வீஸ் சென்டர் தான். அதே சைஸ், அதே வகை டயரா போடுங்க, காத்து வாரம் ஒரு தடவை பாருங்க, ரேஞ்ச் குறையுதுன்னு வர்ற புகார்ல நிறைய காத்து குறைஞ்சதால வர்றது தான்.

பெரம்பூர் வாசகர்: அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல பார்க்கிங்ல சார்ஜிங் பாயிண்ட் போட விடமாட்டேங்கறாங்க. மூணாவது மாடியில இருந்து ஒயர் விடவா?

தயவுசெஞ்சு ஜன்னல் வழியா ஒயர் விடாதீங்க, காத்துல ஆடி தோல் உரிஞ்சு கீழ குழந்தைங்க விளையாடற இடத்துல விழும். வீட்லயோ ஆபீஸ்லயோ இருக்கற மின் இணைப்புலயே வண்டிய சார்ஜ் பண்ணிக்கலாம்னு மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதல்லயே சொல்லியிருந்தது, 2024 செப்டம்பர்ல அதுக்கு பதிலா புது வழிகாட்டுதல் வந்துடுச்சு, அந்த புதுச பிரிண்ட் எடுத்து ஒரு கடிதத்தோட செக்ரட்டரிக்கு குடுங்க. கடிதத்துல மூணு விஷயம் தெளிவா எழுதுங்க, லைன் உங்க சொந்த மீட்டர்ல இருந்து வரும், காமன் கரண்ட் ஒரு யூனிட் கூட எடுக்க மாட்டீங்க, பைப் போட்டு தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.யோட லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்வார், செலவு உங்களோடது. எதிர்க்கறவங்க பல பேர் தீக்கு பயந்து எதிர்க்கறாங்க, அந்த பயம் நியாயமானது. அவங்கள திட்டாம, மாடிப்படிக்கு தள்ளி, காத்தோட்டமா ஒரு இடத்த நீங்களே காட்டுங்க, வேலை முடிஞ்சதும் எர்த் டெஸ்ட்ட அவங்க முன்னாடியே பண்ணி காட்டுங்க.

சேலம் வாசகர்: பையன் பத்தாவது படிக்கறான். லைசன்ஸ், ஆர்.சி. எதுவும் வேணாத 25 கி.மீ. வேக வண்டி கேக்கறான். கடைக்காரர் ஒயர மாத்தி விட்டா 45 போகும்னு சொல்றார்.

மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கி.மீ.க்குள்ள இருக்கற அங்கீகாரம் பெற்ற வண்டிக்கு தான் அந்த விலக்கு. ஒயர மாத்தின நிமிஷமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி ஆயிடுது. பையன் யார் மேலயாவது இடிச்சா மோட்டார் வாகன சட்டம் 199ஏ பிரிவுல உங்க மேல கேஸ் வரும், 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரை சிறை. அப்படி சொல்ற கடையில வண்டியே வாங்காதீங்கன்னு தான் சொல்வேன், வேக கட்டுப்பாட்ட கழட்டறவர் பேட்டரி பாதுகாப்பையும் அப்படித்தான் பார்ப்பார். 25 கி.மீ. வண்டியே வாங்கறதா இருந்தா லெட் ஆசிட் வேணாம், கனம் அதிகம், ஆயுசு கம்மி, சீக்கிரமே அடுத்த செட்டுக்கு காசு எடுத்து வைக்கணும், லித்தியம் எடுங்க. சட்டம் கேக்காட்டியும் ஹெல்மெட் போடணும், பையன் கிட்ட இத நீங்க தான் சொல்லணும்.

தஞ்சாவூர் வாசகி: ரெண்டு மாசம் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போறேன். வண்டிய ஃபுல் சார்ஜ் போட்டு வச்சுட்டு போகவா?

ஃபுல்லும் வேணாம், காலியும் வேணாம்மா, 50% பக்கம் வச்சுட்டு போங்க. காலியா நின்னா பேட்டரி ரொம்ப கீழ இறங்கி திரும்ப ஏறாமலே போகலாம், ஃபுல்லா வெயில் படற இடத்துல நின்னா ஆயுசு குறையும். சார்ஜர சொருகியபடி விட்டுட்டு போகக்கூடாது. நிறைய வண்டியில பெரிய பேட்டரி இல்லாம சின்னதா ஒரு 12 வோல்ட் பேட்டரியும் இருக்கும், அது இறங்கிட்டா பெரிய பேட்டரியில சார்ஜ் இருந்தும் வண்டி ஆன் ஆகாது, பக்கத்து வீட்ல நம்பிக்கையான பிள்ளை இருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாவிய போட்டு கொஞ்ச நேரம் ஆன்ல வச்சு, தெருமுனை வரை ஓட்டிட்டு வந்து நிறுத்த சொல்லுங்க. சென்டர் ஸ்டாண்டு போடுங்க, டிக்கியில தின்பண்டம் எதுவும் விடாதீங்க, எலி வந்தா முதல்ல ஒயர தான் கடிக்கும். திரும்பி வந்ததும் டயர்ல காத்து பாருங்க, ரெண்டு பிரேக்கையும் வீட்டு வாசல்லயே பிடிச்சு பாருங்க, சீட்ட தூக்கி ஒயர் எங்கயாவது கடிபட்டிருக்கான்னு ஒரு டார்ச் அடிச்சு பார்த்துட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க.